சுற்றுலாவில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி



உங்கள் பள்ளியில் இந்த ஆண்டுச் சுற்றுலா எந்த ஊருக்கு?

அரையாண்டுத் தேர்வு முடிந்தவுடன் பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து புறப்படும். ஒரே நாளில் எட்டு இடங்கள், இடத்துக்கு இருபது நிமிடம் என்று திட்டம் போட்டிருப்பார்கள். வழிகாட்டி முன்னால் நடந்துகொண்டே பேசுவார். பின்னால் வரும் பாதிப் பேருக்கு அவர் குரல் கேட்காது. இரவு வீடு திரும்பியதும் அம்மா, "என்னென்ன பார்த்தாய்?" என்று கேட்பார். "நிறையப் பார்த்தோம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவோம்.

இப்படி ஒரு சுற்றுலாவில் சில ஆண்டுகளுக்கு முன் நானும் உடன் சென்றிருந்தேன். ஒரு பழைய கோயிலின் முன் நின்று வழிகாட்டி சொன்னார்: "இது ஆயிரத்து முந்நூறு வருசத்துக் கோயில்." ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "அண்ணே, ஆயிரத்து முந்நூறு வருசம்னு எப்படித் தெரியும்?"

வழிகாட்டி சற்றுத் திகைத்தார். "பெரியவங்க சொல்லி வச்சதும்மா" என்றார். உடன் வந்த ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, பஸ்ஸில் ஏறு" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட்டாள். திரும்பி வரும்வரை அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

அன்று முழுவதும் கேட்ட பேச்சுகளில் மிகச் சிறந்தது அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். அதற்கு விடை சொல்லாமல் அவளைப் பேருந்தில் ஏற்றியதன் மூலம் அந்த நாளின் பயனையே நாங்கள் இழந்துவிட்டோம். வரலாற்று இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் "இது எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்து.

வெறுமனே சொன்னால் போதாது அல்லவா? வாருங்கள், ஒரு நாள் பயணமாகத் தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம் வரை சென்று, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். மொத்தம் மூன்றே இடங்கள்.

முதல் இடம்: ஒரு பாறை

கம்பம் பள்ளத்தாக்கின் நடுவில், நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் சூழ்ந்த ஊர் உத்தமபாளையம். அங்கே ஒரு பாறை இருக்கிறது. ஊரார் அதைக் கருப்பணசாமி பாறை என்பார்கள். பாறையின் முகத்தில் வரிசையாகச் சிற்பங்கள். சில உருவங்கள் நிற்கின்றன, சில அமர்ந்திருக்கின்றன. ஆடை அணிகலன் எதுவும் கிடையாது. முகத்தில் அமைதி மட்டுமே தெரியும்.

யார் இவர்கள்? தமிழ்நாட்டில் இதுபோன்ற மலைகளையும் குகைகளையும் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: "பஞ்சபாண்டவர் வனவாசத்தில் இங்கே தங்கினார்கள்." பஞ்சபாண்டவர் மலை, ஐவர் மலை என்றெல்லாம் பெயர்கள் வந்தது இப்படித்தான்.

நாம் நம் கேள்வியைக் கேட்போம். சிற்பங்களை நன்றாகப் பாருங்கள். ஓர் உருவத்தின் தலைக்கு மேல் நாகம் படமெடுத்து நிற்கிறது. சமண சமயத்தின் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களில் இருபத்து மூன்றாமவரான பார்சுவநாதருக்கு உரிய அடையாளம் அது. ஆக, இவை சமணச் சிற்பங்கள். இதை நமக்குச் சொல்வது சிற்பமே.

சிற்பங்களை ஒட்டி எழுத்துகளும் இருக்கின்றன. முதல் பார்வைக்கு அவை எழுத்தென்றே தோன்றாது. வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாகத் தெரியும். இதற்கு வட்டெழுத்து என்று பெயர். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் பல நூற்றாண்டுகள் தமிழை இந்த எழுத்தில்தான் எழுதினார்கள். இன்றைய தமிழ் எழுத்து பாண்டிய நாட்டில் பரவியது சோழர் ஆட்சி அங்கே வந்த பிறகு.

உச்சி வெயிலில் போனால் இந்த எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படமாட்டா. ஏன்? இன்றிரவு வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு நாணயத்தை மேசைமேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சு விளக்கை நாணயத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரியும். இப்போது விளக்கை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும். எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். கல்வெட்டும் அப்படித்தான். பாறையின்மேல் வெயில் சாய்வாக விழும் வேளையில் போனால் கண்ணுக்குத் தெரியும். எட்டு இடங்களுக்கு அவசரமாக ஓடும் சுற்றுலாவில் இந்த நேரம் எங்கே கிடைக்கப் போகிறது?

எழுத்துகளைப் படித்த அறிஞர்கள் அவற்றில் சில பெயர்களைக் கண்டார்கள். ஒரு பெயர் அச்சணந்தி. இன்னொரு பெயர் அரிட்டநேமி. இந்த உருவங்களைச் செய்வித்த சமணத் துறவியர் இவர்கள். இங்கேதான் சுவையான செய்தி தொடங்குகிறது. அச்சணந்தி என்ற பெயர் உத்தமபாளையத்தில் மட்டும் இல்லை. மதுரை அருகே ஆனைமலையிலும் அழகர்மலையிலும், பழனி அருகே ஐவர் மலையிலும், குமரி மாவட்டத்துச் சிதறாலிலும், வடக்கே வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையிலும்கூட இருக்கிறது. பேருந்தும் இரயிலும் இல்லாத காலத்தில் ஒரு துறவியின் பெயர் இத்தனை மலைகளில்! ஓரிடத்தை மட்டும் பார்த்திருந்தால் அது வெறும் பெயராகவே போயிருக்கும். பல இடங்களை ஒப்பிட்டதால் ஒரு மனிதரின் பயணம் நமக்குத் தெரிகிறது.

சரி, காலம்? உத்தமபாளையத்துச் சிற்பங்கள் கி.பி. 9, 10 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்கிறார்கள். அது எப்படித் தெரியும்? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட வேண்டும்.

பழைய மன்னர்கள் கி.பி. என்று ஆண்டைக் குறிக்கவில்லை. "இந்த மன்னரின் எட்டாம் ஆட்சியாண்டு" என்றுதான் பெரும்பாலும் குறித்தார்கள். மன்னர் எப்போது பட்டம் ஏறினார் என்று தெரியாவிட்டால் அந்த எட்டினால் பயன் இல்லை. ஆனால் ஐவர் மலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று சொல்வதோடு, சக ஆண்டு 792 என்றும் சேர்த்துச் சொல்கிறது. சக ஆண்டோடு 78 ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். 792 + 78 = 870. அதிலிருந்து எட்டைக் கழித்தால் 862. அந்த ஆண்டை ஒட்டி வரகுணன் பட்டம் ஏறினான் என்று தெரிகிறது. பாண்டியர் காலக் கணக்குக்கு இந்த ஒரு கல்வெட்டு முளை அடித்ததுபோல் நின்றுவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஆண்ட மன்னர்களை இந்த முளையிலிருந்து அளந்து வைத்தார்கள். ஆண்டு தெரிந்த கல்வெட்டின் எழுத்து வடிவத்தோடு, ஆண்டு தெரியாத கல்வெட்டின் எழுத்து வடிவத்தை ஒப்பிட்டு அதன் காலத்தையும் ஏறத்தாழச் சொன்னார்கள். 'ஏறத்தாழ' என்ற சொல் முக்கியம். எழுத்தமைதி ஒரு நூற்றாண்டைக் காட்டும். கிழமையையும் தேதியையும் காட்டாது.

"பெரியவங்க சொல்லி வச்சது" என்பதற்கும் "792 + 78" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தீர்களா? இரண்டாவதை நீங்களே சரிபார்க்கலாம். தவறென்றால் திருத்தலாம். அறிவியல் என்பது சோதனைக்கூடத்தில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். உத்தமபாளையத்துப் பாறையடியிலும் அது உண்டு.

இரண்டாம் இடம்: ஒரு செப்பேட்டின் ஊர்

உத்தமபாளையத்திலிருந்து தேனி செல்லும் சாலையில் பத்துக் கிலோமீட்டருக்குள் சின்னமனூர் வந்துவிடும். வரலாறு படிப்பவர்களுக்கு இவ்வூர்ப் பெயர் செப்பேட்டோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். சின்னமனூர்ச் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவற்றுள் பெரியது, 10 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மன் காலத்தது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. சற்று முன் பாறையில் பார்த்த அதே வட்டெழுத்து!

அந்தச் செப்பேட்டை இவ்வூரில் நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் அதன் வாசகம் அச்சாகியிருக்கிறது. பூலாநந்தீசுவரர் கோயில் முன் நின்று ஆசிரியர் அதைப் பற்றிச் சொன்னால், நம் கேள்வியை அங்கும் கேட்க வேண்டும்.

செப்பேடு சொல்வதெல்லாம் உண்மைதானா? அதில் பாண்டியர் குலத்து முன்னோர் புராண காலத்திலிருந்தே புகழப்படுகின்றனர். மாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் அவர்களின் பெருமைகளாகக் கூறப்படுகின்றன. தன் குலத்தைத் தானே புகழ்ந்து எழுதுவித்தது இது. முழுவதையும் அப்படியே ஏற்க முடியாது. அதற்காகத் தள்ளிவிடவும் கூடாது. 10 ஆம் நூற்றாண்டு மக்கள் மதுரைச் சங்கத்தைப் பற்றி அறிந்திருந்தார்கள் என்பதற்கு இது உறுதியான சான்று. சங்கம் எந்த ஆண்டில் இருந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. ஒரே ஏடு ஒரு கேள்விக்குச் சான்றாகவும், இன்னொரு கேள்விக்கு வெறும் செய்தியாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை நம்புவது? ஒரே செய்தியை ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாத இருவர் சொன்னால் நம்பலாம். இந்த இராசசிம்மனையே எடுத்துக்கொள்வோம். சோழன் முதலாம் பராந்தகன் தன்னை 'மதுரை கொண்டவன்' என்று கல்வெட்டுகளில் சொல்லிக்கொள்கிறான். வென்றவன் பேச்சு என்று நாம் ஐயப்படலாம். ஆனால் கடலுக்கு அப்பால், இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சமும் பேசுகிறது. சோழனுக்கு அஞ்சிய பாண்டிய மன்னன் இலங்கை அரசனிடம் அடைக்கலம் தேடி வந்தான் என்றும், தன் முடியை அங்கேயே விட்டுச் சென்றான் என்றும் அது கூறுகிறது. சோழனைப் புகழ வேண்டிய தேவை அந்நூலுக்கு இல்லை. வென்றவனும் வேற்று நாட்டானும் ஒத்துச் சொல்வதால், பாண்டியன் தோற்றான் என்பதை உறுதியாகக் கொள்கிறோம். நீதிமன்றத்தில் இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பது போன்றதுதான் இதுவும்.

மூன்றாம் இடம்: மலையைத் துளைத்த தண்ணீர்

பிற்பகலில் தெற்கே திரும்பி, கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் செல்வோம். மலைச்சரிவில் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களையும் அடிவாரத்தில் மின்னுற்பத்தி நிலையத்தையும் பார்க்கலாம். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை இது. குடைந்த வழியின் நீளம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர். 1886 இல் திருவிதாங்கூர் அரசோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1887 இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. வேலையை நடத்திய பொறியாளர் ஜான் பென்னிகுவிக். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் அவர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் பலர். அவர் பிறந்த நாளான சனவரி 15 அன்று பொங்கல் வைத்துக் கொண்டாடும் ஊரும் உண்டு.

இங்கே நீங்கள் கட்டாயம் ஒரு கதையைக் கேட்பீர்கள். "வெள்ளத்தில் அணை அடித்துக்கொண்டு போயிற்று. அரசாங்கம் பணம் தர மறுத்தது. துரை இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டினார்." சொல்பவரின் கண் கலங்கும். கேட்பவருக்கும் அப்படித்தான்.

இந்த இடத்தில் நம் கேள்வியைக் கேட்பது கடினம். கேட்டால் நன்றி கெட்டவர்கள் என்று எண்ணுவார்களோ என்று தோன்றும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். கட்டுமானத்தின்போது வெள்ளம் வேலையை அடித்துச் சென்றது உண்மை. அது பதிவாகியிருக்கிறது. ஆனால் அணை சென்னை மாகாண அரசின் செலவில் கட்டப்பட்ட அரசுத் திட்டம். அதில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899 இலேயே அதன் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். நகை விற்ற கதைக்கு வரலாற்றாய்வாளர்களுக்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை.

இதனால் பென்னிகுவிக்கின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. அடர்ந்த காட்டில், யானைகளுக்கும் காய்ச்சலுக்கும் இடையே, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த கலவையால் கட்டிய அணை நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அந்த உண்மையே போதும். நகைக் கதை மறைத்துவிட்ட வேறொன்றை நம் கேள்வி வெளியே கொண்டுவருகிறது. அந்தக் கட்டுமானத்தின்போது நோயால் இறந்தவர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அணைக்கு அருகே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. நாம் ஒருவருடைய நகையை நினைத்துக் கண் கலங்குகிறோம். உயிரையே கொடுத்த கூலியாட்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. சான்று கேட்பது நன்றி மறப்பது ஆகாது. நன்றி யார் யாருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று தேடுவதே அது.

கதைகளை என்ன செய்வது?

"அப்படியானால் ஊரார் சொல்லும் கதைகளெல்லாம் வீணா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கருப்பணசாமியை வழிபடும் பாறையில் உளி வைக்கக் கல்லுடைப்பவரும் தயங்குவார். எழுத்துப் படிக்கத் தெரியாத காலத்திலும் பல பாறைகள் தப்பிப் பிழைத்ததற்கு இத்தகைய அச்சமும் பக்தியும் காரணம் என்றே நான் எண்ணுகிறேன். கதை சொல்லும் பாட்டியையும் வழிகாட்டியையும் மதியுங்கள். கதையைக் கதை என்று எழுதிக்கொள்ளுங்கள். சான்று உள்ளதைச் சான்றோடு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தால் போதும்.

வழிகாட்டியின் மனம் நோகுமே என்ற தயக்கமும் வேண்டாம். "நீங்கள் சொல்வது பொய்" என்று நாம் சொல்லப் போவதில்லை. "ஐயா, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று பணிவாகக் கேட்கப் போகிறோம். நல்ல வழிகாட்டிக்கு இதைவிட மகிழ்ச்சியான கேள்வி கிடையாது. விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்பார். அப்படிச் சொல்பவரை நான் இன்னும் அதிகமாக மதிப்பேன்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேரம் போதவில்லை என்பது உண்மைதான். அதற்கு வழி இடங்களைக் குறைப்பதே தவிர, கேள்விகளைக் குறைப்பது அன்று.

தேடியவர்களுக்குக் கிடைத்தது

கேள்வி கேட்டு என்ன ஆகப் போகிறது என்று எண்ணுகிறீர்களா? இதே தேனி மாவட்டத்தில் 2006 இல் நடந்ததைக் கேளுங்கள்.

போரில் இறந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரை எழுதி வைப்பார்கள் என்று சங்கப் பாடல்கள் கூறுகின்றன. ஆனால் அக்காலத்து எழுத்துள்ள நடுகல் ஒன்றுகூட நெடுநாள் கிடைக்கவில்லை. கிடைத்தவையெல்லாம் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. புலவர்கள் சொன்னது உண்மைதானா, கற்பனையா? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஊர் ஊராக நடந்து தேடினார்கள். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையோரப் பகுதியான புலிமான்கோம்பையில் மூன்று கற்களைக் கண்டார்கள். வாளேந்திய வீரன் உருவம் எதுவும் அவற்றில் இல்லை. தமிழ்ப் பிராமி எழுத்து மட்டும் இருந்தது.

அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், உயிர்விட்ட அந்தவன் என்பவனின் கல். எழுத்தமைதியைக் கொண்டு அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 3, 2 ஆம் நூற்றாண்டுகள் எனக் கணித்தார்கள். புலவர்களின் கூற்றுக்குக் கல்லே சாட்சியாக வந்து நின்றது.

அந்தக் கூடலூர் எது? நாம் லோயர் கேம்புக்குப் போகும் வழியில் கடந்த கூடலூர்தான் என்று கருதுவோர் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் கூடலூர்கள் பல. இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. முடிக்கப் போகிறவர் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவராக இருக்கலாம்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கற்கள் அந்த மண்ணில் இருந்தன. எத்தனை பேர் அவற்றைக் கடந்து போயிருப்பார்கள்! யாராவது ஒருவர் வீட்டுக்கு வாசற்படியாகப் போட்டிருந்தால், அந்தவன் என்றொருவன் வாழ்ந்ததே தெரியாமல் போயிருக்கும்.

நாம் அழிக்காமல் இருந்தால்

இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. பழைய பாறைச் சிற்பங்களைப் பார்க்கப் போனால், பல இடங்களில் பக்கத்திலேயே ஆணியால் கீறிய பெயர்களைப் பார்க்கலாம். கல்வெட்டு எழுத்தின்மேலேயே பெயின்ட் அடித்தவர்களும் உண்டு. பல நூற்றாண்டுகள் வெயிலும் மழையும் பட்டுப் பாறையின்மேல் கருமையான மெல்லிய படலம் உண்டாகிறது. அதை ஒரு நிமிடத்தில் கீறிவிடலாம். அது மீண்டும் உண்டாக நம் வாழ்நாள் போதாது.

உத்தமபாளையத்துப் பாறை மைய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். இத்தகைய சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. 2010 இல் செய்த திருத்தத்தின்படி, இரண்டு ஆண்டுவரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாறைக்கும் காவலர் போட முடியுமா? ஒரு கோட்டின் பொருள் தெரிந்த மாணவன் அதைக் கீறமாட்டான். பிறர் கீறுவதையும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான்.

எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, மாவு பூசுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மையொற்றிப் படி எடுப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை. உங்களுக்குச் சாய்ந்த வெயிலும் ஒரு நிழற்படக் கருவியும் போதும். உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் எதையாவது கண்டால், அதை நகர்த்தாமல், இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமும் தொல்லியல் துறையினரிடமும் தெரிவியுங்கள்.

அடுத்த சுற்றுலாவுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் "என்ன சொன்னார்கள்?" என்றும், வலப்பக்கம் "எப்படித் தெரியும்?" என்றும் எழுதுங்கள். மாலையில் பேருந்தில் திரும்பும்போது பாருங்கள். வலப்பக்கத்தில் காலியாக உள்ள இடங்கள்தாம் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் பாடம். நூலகத்துக்குப் போங்கள், ஆசிரியரைக் கேளுங்கள், ஒவ்வொன்றாக நிரப்புங்கள்.

தலையைக் குனிந்துகொண்டு பேருந்தில் ஏறிய அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அன்று நானும் விடை சொல்லவில்லை. ஆசிரியருக்குப் பின்னால் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்: கேட்டது சரி. மறுபடியும் கேளுங்கள்.